தயிர் சொன்ன சாட்சி

சார்ல் வியட்நாமில், சைகோன் நகரத்துப் பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார் என்பது உண்மை. அங்கே அவர் கட்டில் விரிப்புகளை வெளுத்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. காரைக்கால் பக்கம் அவருடைய ஊரான கோட்டுச்சேரிக்கு முதல் உண்மை மட்டும்தான் வந்து சேர்ந்தது.

மற்றதை அவர் மறைத்தார் என்று சொல்வது நியாயமில்லை. "ஆயிரம் ஊசியாச்சும் போட்டிருப்பீங்களே?" என்று யாரோ ஒரு நாள் கேட்டார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஆயிரமா?" என்று சிரித்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்தாயிரமாகத் திரும்பி வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களையெல்லாம் ஊர் சொல்தா என்றுதான் கூப்பிடும். இவரைப் பாதி டாக்டராகவும் சேர்த்துக்கொண்டது. காய்ச்சலுக்கும் கட்டிக்கும் யோசனை சொல்லியே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். ஊசி என்று பேச்செடுத்தால் மட்டும் ஒன்று மருந்து சரியிருக்காது, அல்லது அன்றைக்குச் செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில், ஒரு புதன்கிழமை காலை, பக்கத்துத் தெரு பங்கஜவல்லி ஊசியும் மருந்துமாக வாசலில் வந்து நின்றாள். காரைக்கால் டவுனில் வீடு வீடாகத் தயிர் ஊற்றிப் பிழைப்பவள். இருப்பது ஒரே ஜெர்சி மாடு.

"மடி கல்லாட்டம் வீங்கிப்போச்சுங்க. பின்னங்காம்புல பால் திரிதிரியா வருது. மாட்டு டாக்டரு தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டாராம், வர ஒரு வாரமாகுமாம். பென்சிலின் வாங்கியாந்துட்டேன். நீங்க ஒரு குத்து குத்தி வுட்டுடுங்க, சொல்தா ஐயா."

ஊசியைப் பார்த்ததும் சார்ல் ஓரடி பின்னால் நகர்ந்தார். தனக்குப் போடும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் அவர். உள்ளே இருந்து மனைவி ழோசெத் வேண்டுமென்றே இருமினாள்.

"போடலாம். போடறதுக்கென்ன. ஆனா போட்டா பால் என்னாகும் தெரியுமா?" என்று இழுத்தார். என்னாகும் என்று அவருக்கே தெரியாது.

"தெரியுங்க. போன வருஷம் டாக்டரு போட்டப்ப பத்து நாள் தயிரே உறையல. உறை ஊத்தினா ராத்திரி வச்சாப்புலயே காலையிலயும் பாலா நிக்கிது. ரெண்டு வீட்டு வாடிக்க போயிருச்சு."

"அதத்தான் சொல்ல வந்தேன்!" சார்லுக்கு உயிர் வந்தது.

"அப்ப என்னதான் பண்றது? கத்தாழ, மஞ்ச, சுண்ணாம்பு மூணையும் அரைச்சு முந்தாநாளு ஒரு தடவ பூசினேன். கேக்கல."

"ஒரு தடவையா?" சார்ல் புருவத்தை உயர்த்தினார். "சைகோன்ல ஒரு தடவைங்கிற பேச்சே கிடையாது. எல்லாம் மணிக்கு மணி." இதுவும் உண்மைதான். வெந்நீர் அண்டாவில் இருந்து விரிப்புகள் மணிக்கு மணி இறங்கின. "இதுக்கு பிரெஞ்சுல பேரே இருக்கு. மெத்தோத் நாத்துரேல். இயற்கை வைத்தியம்னு அர்த்தம்."

கொல்லையில் சும்மா முளைத்துக் கிடந்தவரை கற்றாழையை மதிக்காத பங்கஜவல்லி, அதற்குப் பிரெஞ்சுப் பெயர் கிடைத்ததும் மருந்துக்குப்பியைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தாள்.

அன்று முதல் சார்ல் பட்டாளத்துத் தொப்பியும் கைக்கடிகாரமுமாக மாட்டுக்கொட்டகையிலேயே இருந்தார். நகர்ந்தால் அவள் வேறு யாரையாவது கூட்டிவந்து ஊசி போட்டுவிடுவாளோ என்ற பயம். மாடு குணமாகாமல் போனால் அவள் பிழைப்பும் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக வளர்ந்தது. மணி அடித்தாற்போல் நாளைக்குப் பத்துத் தடவை, காம்பில் இருப்பதை ஒட்டக் கறந்து குழியில் கொட்டி, மடியைக் கழுவி, அரைத்ததைப் பூசினார்கள். சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவந்ததில் மடி கோயில் மதில் மாதிரி ஆனது. மாடு உதைத்ததில் தொப்பி ஒரு தடவை சாணியில் விழுந்தது.

"முப்பது வருஷத்துல எந் தலைவலிக்கு ஒரு நாளு தைலம் தடவியிருப்பீங்களா? மாட்டுக்குன்னா பத்து தடவ!" என்றாள் சோறு கொண்டுவந்த ழோசெத்.

மூன்றாம் நாள் வீக்கம் இளகியது. ஐந்தாம் நாள் நான்கு காம்பிலும் பால் வெள்ளையாக, திரியில்லாமல் வந்தது. சார்ல் மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எட்டாம் நாள் மாட்டு டாக்டர் சுப்ராயன் தோல்பையோடு வந்து இறங்கினார். வேலியோரம் கூட்டம் கூடிவிட்டது. மடியை அமுக்கிப் பார்த்தார். நடந்ததைப் பங்கஜவல்லி சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"ஊசியில்லாம இது வத்தாதும்மா. யாரோ போட்டிருக்கீங்க. தெரியாத ஆளு ஊசி போட்டா என்ன கேஸ் தெரியுமா?"

"தெரியாத ஆளா? பத்தாயிரம் ஊசி போட்ட கையி, டாக்டர் சார்!" என்று வேலியோரம் நின்ற ஆட்டுக்காரர் முகைதீன் பிச்சை பெருமையாகச் சொன்னார்.

சுப்ராயன் சார்ல் பக்கம் திரும்பினார். "ஓ. எத்தனை யூனிட் போட்டீங்க?"

"நான் போடலீங்க."

"பத்தாயிரம் போட்டவரு இத மட்டும் போடலியாக்கும்?"

சார்ல் தொப்பியைக் கழற்றினார். "ஒண்ணுகூடப் போட்டதில்லீங்க. ஊசியக் கண்டாலே எனக்குத் தல சுத்தும். ஆஸ்பத்திரியில நான் துணி வெளுத்தேன்."



"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாங்க," என்றார் சுப்ராயன்.

பங்கஜவல்லி விறுவிறுவென்று உள்ளே போய் ஒரு சட்டியோடு வந்தாள். டாக்டர் மூக்குக்கு நேராக அதைச் சாய்த்தாள். தயிர் அசையவில்லை.

"நேத்து சாயங்காலம் கறந்ததுங்க. நாலு காம்புப் பாலுந்தான். நம்ம சொல்தா ஐயா ஊசி போட்டிருந்தா இது உறைஞ்சிருக்குமா? நீங்க போட்டப்பதான் உறையலையே!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சுப்ராயன் கொஞ்சம் வழித்து வாயில் போட்டார். இன்னும் கொஞ்சம் வழித்தார். பிறகு பையை மூடி, சார்லைத் தனியாக ஓரம் கட்டி, நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "கத்தாழ எத்தனை மடல் போட்டீங்க? மெதுவா சொல்லுங்க."

அவர் போனதும் சார்ல் கொட்டகையோரம் கிடந்த பெஞ்சுப் பலகையில் சாய்ந்தார். ஊர் காறித் துப்பும் என்று எதிர்பார்த்தார். பங்கஜவல்லி ஒரு கிண்ணம் தயிரை அவர் கையில் கொடுத்தாள்.

"எத்தன கட்டில் துணிங்க?"

"நானூறு."

"தெனமுமா? அடேயப்பா! இத வுட்டுட்டுப் போயி ஊசி கீசின்னுக்கிட்டு..."

வேலிக்கு அந்தப் பக்கம் முகைதீன் பிச்சை இன்னும் நகரவில்லை. "சொல்தா ஐயா, நம்ம கிடா ஒண்ணு, ரெண்டு நாளா நொண்டுது. என்னவா இருக்கும்?"

"எனக்குத் தெரியாது," என்றார் சார்ல்.

இருபது வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லும் வார்த்தை. இத்தனை லேசாக இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"தெரியாதா?"

"தெரியவே தெரியாது, பாய்!" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டு, தயிரை ஒரு வாய் போட்டுக்கொண்டார்.