முடக்கில் நின்ற வெளிச்சம்

கேமரா ஸ்டாண்டின் மூன்றாவது கால் சேற்றில் இறங்கிக்கொண்டேயிருந்தது. நல்லமுத்து அதைப் பிடுங்கி, ஒரு தகரத் துண்டைக் கீழே போட்டு மறுபடியும் ஊன்றினான். எதிரே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில், அக்கா வீரம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உடம்பு சரியாமலிருக்க முதுகுக்குப் பின்னால் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்து, அது தெரியாதபடி கூறைச் சேலையைப் போர்த்தியிருந்தார்கள்.

தப்படிக்கிறவர்கள் நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார்கள்.

"கண்ணு மூடியிருக்கே மாப்ள," என்றார் அக்காவின் புருஷன் சோலைமலை. "ஒங்க போட்டோக் கடையில தொறந்த மாதிரி எழுதிக் குடுப்பீங்களாமே?"

"செய்யலாம் மச்சான்."

"அப்ப அப்புடியே செஞ்சு குடு. பதினெட்டு வருசத்துல ஒரு படம் எடுக்கல. கூப்புட்டா, நான் என்ன தொரசானியாம்பா."

பக்கத்து வீட்டு மீனம்மா மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "அட்டன் டவுன்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் புடிச்சான். கூடப் பொறந்தவ மூஞ்சிக்கு இப்பத்தான் நேரம் கெடச்சிருக்கு."

யாரும் அவளை அதட்டவில்லை.

மழை மூட்டம். வெளிச்சம் போதாது. "ஆறு எண்ணுவேன். யாரும் அசையக் கூடாது," என்றான். அக்காவின் பக்கத்தில் நின்ற மகள் பூரணி மூச்சைப் பிடித்தாள். மூன்று எண்ணும்போதே அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. தாயின் முகம் விழுந்தால் போதும் என்று ஆறுவரை எண்ணி லென்ஸ் மூடியைப் போட்டான்.

"நேத்து ராத்திரி நீ கடையில இல்லியே," என்றார் சோலைமலை. குரலில் கோபம் இல்லை. "நம்ம லயத்து மாயாண்டி கதவ ஒடைக்காத கொறையாத் தட்டியிருக்கான். தோட்டத்து லொறி றொசல்லைக்குப் போனது திரும்பல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, நீ சொன்னா ஒன் மொதலாளி காரு வரும்னுதான் அவன முன்னால ஓடச் சொன்னோம்."

"படம் எடுக்கப் போயிருந்தேன்."

"எங்க?"

"ஸ்டேஷன் பக்கம்."

ஸ்டாண்டைக் கழற்றும்போது ஒரு திருகு அவன் விரலிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. குனிந்து தேடினான். குனிந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது.

ஸ்டேஷன் பக்கம் அவன் போகவில்லை. லயத்துக்கு மேலே, மேமலைப் பாறையில் இருந்தான். வருகிற வருஷத்துக் கலண்டரில் அட்டன் டவுன் ராத்திரியில் விளக்கோடு இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று முதலாளி சரிபுதீன் கேட்டிருந்தார். பாறையில் நின்றால் டவுன் முழுக்கத் தெரியும். படத்தின் அடியில் தோட்டத்து ரோடும் அது வளைந்து திரும்புகிற பெரிய முடக்கும் வரும்.

மலை ஏறுமுன் அந்தியில் அக்கா வீட்டுக்குப் போனான். மச்சான் வேலைக் காட்டிலிருந்து வரவில்லை. பூரணி பீலியில் விழுகிற மலைத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அக்கா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அவன் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"தொரைக்கு லயத்துத் தேத்தண்ணி எறங்குமா?"

"இழுப்பு கூடிருச்சா அக்கா?"

"இது எப்பவும் உள்ளதுதானே. நீ எங்க கெளம்பிட்ட?"

"பாறைக்கு. வெளக்குப் படம் எடுக்க."

"பனியில நிக்காதடா. இழுப்பு நம்ம வம்சத்துக்கே இருக்கு."

அவன் எங்கே போகிறான் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இருபது நிமிஷம் லென்சைத் திறந்து வைக்கவேண்டிய படம் அது. தூரத்து விளக்குகள் மெல்ல மெல்லக் கண்ணாடிப் பிளேட்டில் ஊறவேண்டும். இடையில் ரோட்டில் ஏதாவது வெளிச்சம் போனால் படத்தில் வெள்ளைக் கீறலாக இழுத்துவிடும். அதற்குத்தான் தொப்பி. வெளிச்சம் வந்தால் தொப்பியால் லென்சை மூடவேண்டும். அது போன பிறகு எடுத்துவிடவேண்டும். மூடியிருந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, கடைசியில் கூட்டிக்கொள்ளவேண்டும்.

எட்டாவது நிமிஷம் ரோட்டில் ஒரு பந்தம் வந்தது. நாலைந்து பேர் எதையோ சுமந்துகொண்டு வந்தார்கள். தொப்பியால் மூடினான். பந்தம் முடக்குக்கு வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. குடிகாரக் கூட்டம் என்று நினைத்தான். கை மரத்துப் போயிற்று. "போய்த் தொலைங்கடா," என்று வாய்விட்டே சொன்னான். ஏழு நிமிஷம் கழித்துப் பந்தம் டவுன் பக்கம் போகாமல் வந்த வழியே திரும்பியது. அது தேயிலைக்குள் மறைந்ததும் தொப்பியை எடுத்தான். படம் கெடவில்லை என்று சந்தோஷப்பட்டான்.

சந்தோஷப்பட்டது நன்றாக நினைவிருந்தது. அதை மறக்க வழியில்லை.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பாடையில் முன்பக்கம் மச்சானும் அவனும் தோள் கொடுத்தார்கள். மயானத்துக்குப் போகிற வழி அந்த முடக்கைத் தாண்டித்தான். மதகுக் கல்லில் எரிந்த துணிக் கரி ஒட்டியிருந்தது.

"இங்கதான் எறக்கி வச்சோம்," என்றார் சோலைமலை, முன்னால் பார்த்தபடியே. "தண்ணி கேட்டா. குடிக்க முடியல. அப்புடியே அடங்கிட்டா. எம்புட்டு நேரம் இருந்தோமோ தெரியல."

ஏழு நிமிஷம். நல்லமுத்து பாடைக் கம்பை மறு தோளுக்கு மாற்றினான்.

பெண்கள் முடக்கோடு நின்றுகொண்டார்கள். பூரணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"அம்மா மேல கையக் காட்டிக்கிட்டே இருந்துச்சு மாமா. பேச்சு வரல. சாமியக் காட்டுதுன்னு எல்லாரும் கும்புட்டோம்."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் பாறை தெரியும்.

மறுநாள் இருட்டறையில் இரண்டு பிளேட்டையும் கழுவினான். டவுன் படம் ஒரு குறையில்லாமல் விழுந்திருந்தது. கடைத்தெரு விளக்குகள், கோயில், பள்ளிவாசல், ஸ்டேஷன். அடியில் ரோடும் முடக்கும் நிழலாகக் கிடந்தன. ஒரு கீறல் இல்லை. படத்தின்படி அந்த வழியாக யாரும் வரவேயில்லை, யாரும் எதையும் இறக்கி வைக்கவேயில்லை.

அக்காவின் கண்களுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. வெள்ளையைப் பிளேட்டில் பென்சிலாலும், கருவிழியை அச்சில் மையாலும் கொண்டுவந்தான். அந்தப் பென்சிலைக் கீழே வைக்காமல் மற்றப் பிளேட்டை எடுத்தான். பிளேட்டில் கறுப்பாக வைப்பது படத்தில் வெள்ளையாக வரும். முடக்கில், பந்தம் நின்ற மதகுக் கல் இருக்குமிடத்தில் ஒரு புள்ளி வைத்தான்.

சரிபுதீன் இரண்டு படத்தையும் சன்னலுக்குக் கொண்டுபோனார். "அல்லாவே! கண்ணு நம்மளப் பாக்குதுடா." பிறகு டவுன் படத்தைப் பிடித்தார். "கலண்டருக்கு இதான். நாளைக்கே அச்சுக்கு அனுப்பிருவோம். இங்க என்னடா, தூசியா? அத எடுத்துரு."

"தூசி இல்ல மொதலாளி."

"பின்ன என்ன?"

நல்லமுத்து மேசையிலிருந்த பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டான். சரிபுதீன் அவன் முகத்தைப் பார்த்தார். படத்தை மேசையில் வைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

இந்தக் கலண்டர் ஒவ்வொரு லயத்துக்கும் போகும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, எந்தப் பாறையில் நின்றால் அந்த முடக்கு அப்படித் தெரியும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதுவரை காத்திருக்க அவனால் முடியவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு படங்களையும் ஒரே தாளில் சுற்றிக்கொண்டு மலை ஏறினான்.

சோலைமலை அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்காவின் படத்தைக் குப்பி லாம்புக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இவ என்னை இப்புடிப் பாத்ததே இல்ல மாப்ள," என்றார். "மொறைச்சுக்கிட்டேதான் இருப்பா."

அடுத்த படத்தை எடுத்தார். அவன் போனதாகச் சொன்ன ஸ்டேஷன் எங்கேயிருக்கிறது என்று பார்த்தார். அது தூரத்தில், மேல் மூலையில் இருந்தது. பார்வை ரோடு வழியாகக் கீழே இறங்கியது. லாம்பை இன்னும் கிட்ட இழுத்தார்.

வெளியே பூரணி குடத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

சோலைமலையின் கட்டைவிரல், தேயிலைக் கறை ஏறிய நகத்தோடு, படத்தின் மேல் நகர்ந்து முடக்குக்கு வந்தது. புள்ளியை மூடிக்கொண்டு அங்கேயே நின்றது.