பழுக்காத ஆறு பாட்டில்கள்

வாசனைத் திரவியக் கம்பெனியில் அவளுடைய வேலை, நல்ல பாட்டில்களைப் பாடாய்ப் படுத்துவது. சிலவற்றைச் சூட்டுப் பெட்டியில் அடைத்து வேகவைப்பாள், சிலவற்றைக் குளிர்பெட்டியில் நடுங்க விடுவாள், மிச்சத்தை ஜன்னலில் வெயிலுக்கு நேராக நிறுத்துவாள். கடையில் இரண்டு வருஷம் கிடந்தாலும் நிறமும் மணமும் மாறாது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். ஊழியர்கள் அவளை மூக்கு மேடம் என்றார்கள். முதலாளி மட்டும் பாப்பா என்பார், ஏனென்றால் அவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. பாப்பாவுக்கு வயது முப்பத்தெட்டு.

புதுச் சரக்கை நிறமில்லாத கண்ணாடியில் அடைக்க வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். அவள் முடியவே முடியாது என்றாள். அதில் வெனிலா சேர்ந்திருக்கிறது, வெயில் பட்டால் பன்னிரண்டே வாரத்தில் டீ நிறத்துக்குப் போய்விடும், கறுப்புக் கண்ணாடிதான் சரி என்பது அவள் கட்சி.

"அதான் லேபிள்ல வெயில் படாமல் வைக்கவும்னு போட்டிருக்கே பாப்பா."

"அதை யார் சித்தப்பா படிக்கிறா? கார்ல வைப்பாங்க, ஜன்னல்ல வைப்பாங்க. லேபிளைப் படிச்சு அதும்படி நடக்கிற ஆள் ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்."

சரி, ஜன்னலே தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. ஆறு பாட்டில்கள், கடைக்குப் போகிற மாதிரியே லேபிளோடு, ஜன்னலில் ஏறின. காலை ஒன்பது மணிக்கு ஒரு தரம் பார்ப்பாள். பகலெல்லாம் பாட்டில் நிரப்பும் கூடத்தில் வேலை. மாலை ஐந்துக்கு வந்து மறுபடி பார்ப்பாள். ஒரு வாரம், மூன்று வாரம், பதினொரு வாரம். ஆறும் அன்று நிரப்பியது போலவே பளபளத்தன. பேக்கிங் ஆட்கள் எதிரே வந்தால் "மேடம், டீ ரெடியா?" என்று கேட்டார்கள். அவள் கண் டாக்டரிடம் போய் வந்தாள். அவரோ, கண்ணில் குறையில்லை, படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். மிச்சமிருந்தது சூரியன் ஒன்றுதான். அவள் அதன் மேலும் சந்தேகப்பட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் வியாழக்கிழமை. மறுநாள் காலை, கம்பெனிக்குக் காலி பாட்டில் செய்து தரும் பாட்டில்காரர் ஆர்டர் வாங்க வருகிறார். நிறமில்லாத கண்ணாடிக்கு அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டபின் சரக்கு கடையில் நிறம் பழுத்துத் திரும்பினால் அந்தக் கையெழுத்தை அப்புறம் நாய் கூட மதிக்காது. அவளிடம் இருந்ததோ அது ஒன்றுதான்.

மதியம், மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கத் தன் அறைக்கு வந்தாள். ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் ஒன்றுகூட இல்லை. பதறிப்போய் அலமாரியைத் திறந்தாள். ஆறும் மெத்தென்ற துணியில் வரிசையாகப் படுத்திருந்தன. அந்த நேரம் பார்த்துத் துடைப்பமும் வாளியுமாக வந்தார், அறைகளைப் பெருக்கித் துடைக்கும் அக்கா.

"அக்கா, இதை யாரு இங்க வெச்சது?"

"நான்தான் மேடம். பத்து மணிக்கு வெயில் வந்துரும், எடுத்து உள்ள வெச்சிருவேன். ரெண்டு மணிக்கு வெயில் போனதும் எடுத்த இடத்துலயே வெச்சிருவேன்."

"தினமுமா?"

"முதல் நாள்ல இருந்து. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் சனிக்கிழமையே திரையை இழுத்து விட்டுட்டுப் போவேன்." அக்காவின் குரலில் பெருமை வழிந்தது.

"ஏன்க்கா?"

அக்கா ஒரு பாட்டிலைத் திருப்பி, எறும்பளவு எழுத்தின் மேல் விரலை வைத்தார். "வெயில் படாமல் வைக்கவும்னு போட்டிருக்கே. நீங்க அவசரத்துல தினமும் மறந்துட்டுப் போறீங்க. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு நானே பார்த்துக்கிட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தரை அப்போதுதான் துடைத்தது, ஈரம். எழுந்திருக்கவும் தோன்றவில்லை. உட்கார்ந்தபடியே, பாட்டில்களை வெயிலில் வைத்ததே சோதனைக்குத்தான் என்று சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"எல்லாத்தையும் காப்பாத்திட்டேனே மேடம். ஒண்ணே ஒண்ணைத்தான் முடியலை."

"எந்த ஒண்ணு?"

"முதலாளி ரூம் ஜன்னல்ல இருக்கே, அது. அவர் ரூம்ல ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. பார்க்கிறப்பெல்லாம் மனசு கேக்கலை."

அவள் ஈரச் சேலையோடு ஓடினாள். சோதனை தொடங்கிய அன்றே சித்தப்பா, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று, ஒரு பாட்டிலைத் தன் நாற்காலிக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் வைத்திருக்கிறார். வந்தவர்களும் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. அவரோ ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது திரும்பினார்.

"இங்க யார் டீயை வெச்சது?"

"உங்க புதுச் சரக்கு சித்தப்பா."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடித்த மனுஷர், ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நின்ற அக்காவிடம் நீட்டினார். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சர்க்கரை தீஞ்ச மாதிரி இருக்கு முதலாளி" என்றார். கதையெல்லாம் கேட்டு முடித்த பிறகும் சித்தப்பா விடவில்லை.

"பார்த்தியா பாப்பா, லேபிளைப் படிக்கிறவங்க இருக்காங்க."

"இருக்காங்க சித்தப்பா. ஒரே ஒருத்தர். அவங்களும் நம்மகிட்டதான் வேலை பார்க்கிறாங்க."

மறுநாள் பாட்டில்காரரின் காகிதத்தில் கறுப்புக் கண்ணாடிக்குக் கையெழுத்து விழுந்தது. அவர் விட்டுப்போன ஆறு கறுப்பு பாட்டில்களை அவள் நிரப்பி ஜன்னலில் நிறுத்தினாள். லேபிளை மறைத்து, "வெயிலில் வைக்கவும்" என்று பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டினாள். இரண்டரை மணிக்கு நிம்மதியாக எட்டிப் பார்த்தாள். ஜன்னல் காலி.

வராந்தாவின் கோடியில் அக்கா ஆறு பாட்டில்களையும் தட்டில் ஏந்திக்கொண்டு, வெயில் நகர்ந்து போயிருந்த மேற்கு ஜன்னலை நோக்கி, சிந்தாமல் சிதறாமல் நடந்துகொண்டிருந்தார்.