ஏசுதாசன் நடந்துகொண்டிருந்தார்

காமயகவுண்டன்பட்டியில் வாதம் விழுந்து கட்டிலோடு கிடந்த ஏசுதாசன், மகள் மெர்லின் அடுப்படியில் ஸ்பானிய வினைச்சொல்லை ஒப்பித்த ஒரு மாலையில் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் திராட்சைத் தோட்டத்துக்கு நடந்துபோனார். முன்பெல்லாம் செய்வதுபோலக் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார், ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, புளிக்கிறதென்று துப்பினார், மருந்தடித்தவரை வைதார். குழம்பு தாளிக்க மெர்லின் வாயை மூடியதும் வரப்பில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பழப்பெட்டி ஏற்ற வந்த மினிலாரியில் தூக்கி வந்தார்கள்.

மெர்லின் நர்சிங் முடித்தவள். ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகக் கைபேசி வழியே அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைய பாடம், எப்போது முடிந்தது என்று சொல்லாமல் வழக்கமாக நடந்துவந்ததைச் சொல்லும் இறந்தகாலம். ‘ஆர்’ என்று முடியும் சொல்லுக்கு ‘ஆபா’, ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிவதற்கு ‘ஈயா’, அவ்வளவுதான் விதி. கமினார் என்றால் நடப்பது, அதிலிருந்து கமினாபா. இதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று யோசித்தவள், “அப்பா தெனமும் தோட்டத்துக்கு நடப்பாக” என்று சொல்லிப் பார்த்தாள். முன்பு வழக்கமாக நடந்ததற்கும் இனி நடக்கப்போவதற்கும் நம் பேச்சில் ஒரே சொல்தான். ஏசுதாசனின் கால்களுக்கு அது எதுவென்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதன்பின் அவள் ‘கமினாபா’ சொன்ன நேரமெல்லாம் அவர் எழுந்து நடந்தார். ஊர் இதை மழை பெய்ததைப்போல எடுத்துக்கொண்டது. சிக்கல் வந்தது ‘ஈயா’வில்தான். பெபேர் என்றால் குடிப்பது. மெர்லின் ஜெபமாலை சொல்லும் இழுப்பில் “பெபீயா, பெபீயா” என்று படித்த மதியம், அடுத்த வீட்டுச் சங்கிலியம்மாள் வேலியோரம் வந்து நின்றாள்.

“ஏத்தா மெர்லினு! அந்தச் சொல்லத் தூக்கிக்கிட்டு வேற எங்கனயாச்சும் போயிப் படி. குடிய விட்டு வருசம் ஆன மனுசன், மோரக் குடிச்சுட்டுச் செவுத்தப் புடிச்சு நடக்குறாக!”

உள்ளே அவள் புருசன் வீரணன் பழைய பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தார். அதன்பின் ‘ஈயா’ சொற்களை மெர்லின் ஆளில்லாத மலையடிவாரத்துக்குப் போய்த்தான் படித்தாள்.

தேர்வில் தேறினாள், விசாவும் வந்தது. அன்று தாய் வியாகுலமேரி சோறு உண்ணவில்லை.

“நீ போயிட்டா ஆருத்தா சொல்லுவா? அவுக மறுபடியும் கட்டில்லதான்.”

மெர்லின் தன் குரலைக் கைபேசியில் பதிந்து கொடுத்தாள். அதை நிறுத்தும் விதம் வியாகுலமேரிக்குத் தெரியவில்லை. ஏசுதாசன் தோட்டத்தையும் தாண்டிக் கம்பம் நகர் வரைக்கும் நடந்துவிட்டார். டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தபோது, பஸ்ஸுக்குள்ளேயும் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே வந்ததால் கண்டக்டர் அவருக்கு வழிவிட்டுக் கால் கடுக்க நின்றார்.

“நான் போகலம்மா,” என்றாள் மெர்லின். ஏசுதாசன் நல்ல கையால் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். கோணிப்போன வாயால், “போ…த்தா,” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை பாட வரிசையைப் புரட்டியபோதுதான் மெர்லினுக்கு அது உறைத்தது. “அப்பா, ‘நான் நடப்பேன்’னாலும் ‘அவுக நடப்பாக’ன்னாலும் அங்கன ஒரே சொல்லுதாம்ப்பா. ஆரு சொன்னா என்ன? நீங்களே சொல்லுங்க.”

நாக்கு ஒத்துழைக்கவில்லை. “கம்பா” என்றபோது பெருவிரல் மட்டும் அசைந்தது. “கமிபா” என்றபோது முழங்கால் மடங்கியது. தவக்காலம் முழுக்க அவர் வேறெதுவும் பேசவில்லை. ஈஸ்டர் பூசைக்கு, முணுமுணுத்தபடி, தானே நடந்து கோயிலுக்குள் போனார். செபம் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

மெர்லின் இப்போது ஸ்பெயினில் இருக்கிறாள். ஏசுதாசன் தினமும் மாலையில் “கமினாபா” சொல்லிக்கொண்டே தோட்டத்துக்குப் போகிறார். வழியில் யாராவது சௌக்கியமா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அந்த இடத்திலேயே கால் மடிந்துவிடும். ஆகவே அவரிடம் பேச விரும்புகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.