கழுதை எப்போது பேசும்

1

இந்தக் கதை நான் ஒரு கதவில் முட்டிக்கொண்டதால் பிறந்தது. வீட்டுக் கதவல்ல, ஒரு வீடியோ கேமில் வந்த கதவு. தட்டினேன், தள்ளினேன், திறக்கவில்லை. சரி, சாவி எங்கோ இருக்கிறது என்று சுரங்கத்துக்குள் இறங்கி, ஒரு பூதத்தோடு மல்லுக்கட்டி, அரை நாளைத் தொலைத்துச் சாவியோடு திரும்பி வந்தால், அது கதவே இல்லையாம். சுவரில் வரைந்த படமாம். மூலையில் பொடி எழுத்தில், 'தத்ரூபமாக இருக்கிறதா?' என்று வேறு கேட்டிருந்தார்கள். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம், யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினேன். என் மனைவி பார்த்துவிட்டிருந்தாள்.

ஆடுகிறவர் காலை வேண்டுமென்றே வாரிவிடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அமுக்கப் போனால் ஓடி ஒளியும் பொத்தான், பாதியிலேயே நன்றி வணக்கம் சொல்லி முடிந்துபோனதாக நடிக்கும் ஆட்டம், கையில் எடுத்ததும் 'கீழே வை' என்று அதட்டும் வாள், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். மூன்றாவது பத்தியில் கட்டுரை படுத்துவிட்டது. ஜோக்கை விளக்க ஆரம்பித்தால் அது செத்துப்போகும் என்பது தெரிந்த விஷயம்தானே. ஆனால் ஒரு கேள்வி மட்டும் சாகவில்லை. அந்தக் கதவை வரைவதற்கென்று யாரோ ஒருவர் சம்பளம் வாங்கியிருக்கிறார். அவரை அவர் வீட்டில் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இருட்டு அறை. திரையின் நீல வெளிச்சத்தில் அந்த இளைஞனின் தாடி'

[நிறுத்தினேன். தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி படித்துவிட்டாள். "கம்ப்யூட்டர்னு வந்தாலே ஒரு தாடிக்காரன் வந்து உக்காந்துடுறான். ஏன், ஒரு வீட்டு மருமக அந்த வேலைக்குப் போக மாட்டாளா?" என்றாள். கேட்டது நியாயம். தாடியை அனுப்பிவிட்டேன்.]

இரண்டாம் முயற்சி: 'சின்ன வயதிலிருந்தே அவள் வாலில்லாத குரங்கு. ஒருநாள் ஆசிரியரின் நாற்காலியில்'

[வேண்டாம். நாற்காலியில் என்ன வைத்தாள் என்று உங்களுக்கே தெரியும்.]

மூன்றாம் முயற்சி நின்றது. இதோ:

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் குசும்பு. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. விளையாட்டு தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் ஒருவர் படம் வரைவார், ஒருவர் இசை போடுவார், ஒருவன் நிரல் எழுதுவான். ஆடுகிறவரை எங்கே, எப்படி ஏமாற்றலாம் என்று யோசிப்பது இவளுடைய வேலை. காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சும்மா நிற்பாள். அதுதான் மும்முரமாக வேலை செய்கிறாள் என்பதற்கு அடையாளம்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வாள்: "ஏமாந்தவங்க கடைசியில நம்மளோட சேர்ந்து சிரிக்கணும். சிரிக்கலைன்னா அது குசும்பு இல்ல, கொடுமை."

அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது மலைமேல் லாட்ஜ் நடத்தும் ஒரு விளையாட்டு. அறை கட்டலாம், வர்ணம் அடிக்கலாம், வருகிற விருந்தாளிகளைத் தங்கவைக்கலாம். ஆனால் லாட்ஜுக்குக் கொழுப்பு அதிகம். லிஃப்ட், கட்டவே கட்டாத ஒரு மாடிக்குப் போய் நிற்கும். நீளக் கோட்டு போட்டுக்கொண்டு கௌரவமாக வந்து கையெழுத்துப் போடும் விருந்தாளி, கோட்டைக் கழற்றினால், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் மூன்று பூனைகளாக இருப்பார்.

3

இப்போது மாமியார் வருகிறார். குசும்பு கூப்பிடுவதைப்போல நானும் அத்தை என்றே சொல்லிவிடுகிறேன்.

அத்தை ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வகுப்பில் யாராவது வாலாட்டினால், யார் என்று கேட்க மாட்டார். கையில் சாக்பீஸோடு அசையாமல் நிற்பார். குற்றவாளி தானே வெடித்து எழுந்திருக்கும்வரை நிற்பார். எந்த வகுப்பும் அவரைச் சிரிக்க வைத்ததாகச் சரித்திரம் இல்லை. மகன் ஜோக் சொன்னால் கடைசிவரை கேட்டுவிட்டு "ம்" என்பார்.

[முதல் பிரதியில் அத்தையைக் கொடுமைக்கார மாமியாராக எழுதியிருந்தேன். இரண்டு பக்கத்துக்குமேல் அவர் ஒத்துழைக்கவில்லை. மருமகளுக்குச் சளி பிடித்தால் கேட்காமலே வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார். கொடுக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அவ்வளவுதான் அவர்.]

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குசும்பு முயன்று பார்க்கிறாள். ஒருமுறை ரப்பர் பல்லியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாள். அத்தை அதை எடுத்துக் கழுவி, துடைத்து, ஸ்பூன்களோடு அடுக்கிவைத்தார்.

இது வெறும் தொழில் கர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வீட்டில் தன்னைப் பிடித்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. வாய்விட்டுக் கேட்கிற கேள்வியா அது? அத்தை ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தால் போதும், பதில் கிடைத்தாற்போல. அதனால்தான், சோதித்துப் பார்க்க ஆள் தேவை என்று சாக்குச் சொல்லி, லாட்ஜ் விளையாட்டை வீட்டுக் கூடத்திலிருந்த கணினியில் போட்டுக் கொடுத்தாள்.

"எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று உட்கார்ந்த அத்தை, பிறகு எழுந்திருக்கவே இல்லை. சில மாதங்களில் லாட்ஜ் நான்கு மாடி ஏறிவிட்டது. அறைகள் வாய்ப்பாடு மாதிரி ஒழுங்காக நின்றன. மூன்றாம் மாடி ஜன்னலோரத்தில், எப்போதும் குறை சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு விருந்தாளி இருந்தார். எல்லோரும் முதல் நாளே துரத்திவிடுகிற அந்த ஆளை அத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் எப்படி அத்தை இருக்கு?"

"இருக்கு."

"சிரிப்பு வந்துச்சா?"

"லிஃப்ட், கட்டாத மாடிக்கெல்லாம் போகுது. சரி பண்ணச் சொல்லு."

"அந்தக் குறை சொல்ற ஆளை அனுப்பிடலாமே?"

"அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. இருக்கட்டும்."

4

[இந்தப் பகுதியை அழித்துவிட்டேன். நிஜமாகவே. இதில் அத்தையின் காலமான கணவர் வந்தார். லாட்ஜில் அத்தை அவருக்கென்று ஓர் அறை ஒதுக்கி, அதில் ஒரு சாய்வு நாற்காலியும் போட்டிருந்தார். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. குறை சொல்லும் விருந்தாளியே போதும் அத்தைக்கு.]

5

குசும்பின் மூளையில் உதித்த மகா குறும்பு இனிமேல்தான்.

ஐந்தாவது மாடியையும் கட்டி முடித்தபிறகு ஒருநாள் ஆட்டத்தைத் திறந்தால், லாட்ஜே இருக்காது. வெட்டவெளி. நடுவில் ஒரு குட்டிச்சுவர். அதில் ஒரு பலகை: 'இங்கே லாட்ஜ் எதுவும் இருந்ததே இல்லை.' பக்கத்தில் ஒரு கழுதை மேய்ந்துகொண்டிருக்கும். ஆடுகிறவர் பதறிப்போய்க் கண்ட பொத்தானையெல்லாம் அமுக்குவார். கொஞ்ச நேரம் கழித்துக் கழுதை தலையைத் தூக்கி, அவரை நேராகப் பார்த்து, "சும்மா சொன்னேன்" என்னும். உடனே வானத்திலிருந்து லாட்ஜ் தொப்பென்று தன் இடத்தில் வந்து உட்காரும். விருந்தாளிகள் போர்வையோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துத் திட்டுவார்கள்.

அலுவலகத்தில் அந்தக் கழுதையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சோதித்துப் பார்த்த அத்தனை பேரும் அது பேசும்வரை வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். வினை அங்கேதான் இருந்தது. கழுதை மேய்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, ஆடுகிறவர் கட்டியதெல்லாம் கணினியின் ஒரு தற்காலிக மூலையில் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் கணினியை அணைத்தால், மறுபடி போடும்போது அந்த மூலை குப்பையாகப் பெருக்கித் தள்ளப்படும். திரும்பக் கொண்டுவர லாட்ஜ் இல்லாததால் கழுதையும் வாய் திறக்காமல் மேய்ந்துகொண்டே இருக்கும். அலுவலகத்தில் ஒருவர்கூட அணைத்துப் பார்த்ததில்லை. ஜோக் சொல்லியே பிழைக்கிறவர்களுக்கு, ஜோக் முடியும் முன்னால் எதிரில் இருப்பவர் எழுந்து போவார் என்று தோன்றவே தோன்றாது.

[எனக்கும் தோன்றாது. இரண்டாம் பகுதியிலேயே எழுந்து போன வாசகர்களுக்கு இந்தக் கதையில் கழுதையே கிடையாது. அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?]

ஐந்தாவது மாடியை முடித்த மறுநாள், கழுதை சேர்த்த புதுப் பதிப்பு வீட்டுக் கணினியில் ஏறியிருக்க, அத்தை ஆட்டத்தைத் திறந்தார். குட்டிச்சுவரைப் பார்த்தார், பலகையைப் படித்தார், கழுதையைப் பார்த்தார்.

"இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும்," என்று கழுதையிடம் சொன்னார்.

தெரியும் என்பதைக் காட்டுவதற்காகச் சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை குசும்பு வேலைக்குக் கிளம்பும்போது அத்தை கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் கழுதை மேய்ந்துகொண்டிருந்தது.

"கழுதை பேசலையா அத்தை?" வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"ஓ, பேசுமா அது? நேத்து இந்த மூஞ்சியப் பார்த்துட்டு அணைச்சுட்டேன். இன்னிக்கு விடறதா இல்ல. முதல்ல அது அசையுதா, நான் அசையறேனான்னு பார்த்துடலாம்."

அணைச்சுட்டேன் என்ற சொல் குசும்பின் காதில் விழுந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

6

நிரல் எழுதுபவன் தேடிப் பார்த்தான். வீட்டுக் கணினியைத் தூரத்திலிருந்தே துழாவிப் பார்த்தான். பிறகு நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான்.

"போச்சு குசும்பு. மொத்தமும் போச்சு."

"சும்மா சொல்லாத."

"நான் சும்மா சொல்லல."

"சத்தியமா?"

"இந்த ஆபீஸ்ல உண்மையைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டீங்க," என்று அவன் சலித்துக்கொண்டான். ஐந்து மாடி. வாய்ப்பாடு மாதிரி அறைகள். ஜன்னலோரம் குறை சொல்லும் அந்த ஆள். அத்தைக்கு வேறெதன்மேலும் இவ்வளவு ஆசை இருந்து அவள் பார்த்ததில்லை. இப்போது அத்தை கூடத்தில் உட்கார்ந்து, மருமகள்மேல் வைத்த நம்பிக்கையில், ஒருபோதும் பேசப்போகாத ஒரு கழுதையோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்.

7

முடிவு. இங்கேதான் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன்.

முதல் முடிவு: குசும்பும் நிரல்காரனும் சேர்ந்து, ஞாபகத்திலிருந்தே லாட்ஜைத் திரும்பக் கட்டிவிடுகிறார்கள். கழுதை பேசுகிறது. சுபம். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அவங்க கணக்கு டீச்சர். ஒரு ஜன்னல் தள்ளி இருந்தாக்கூடப் பிடிச்சிடுவாங்க. அந்தக் குறை சொல்ற மனுஷன் என்ன குறை சொன்னார்னு உங்க குசும்புக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது. கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: நிரல்காரன் சொன்ன யோசனை. "கழுதையையே மன்னிப்புக் கேக்க வச்சுடலாம். ரெண்டு வரி நிரல், அவ்வளவுதான்." குசும்பு ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "தப்புப் பண்ணது நான். கழுதை என்ன பண்ணும்?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இங்கே நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. எனக்குக் கழுதை யோசனை பிடித்துத்தான் இருந்தது.

ஆக, மூன்றாவது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை அதே இடத்தில் இருந்தார். கழுதையும் அதே இடத்தில் இருந்தது.

"வா. கெட்டிக்காரக் கழுதைதான். காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல," என்றார் அத்தை.

குசும்பு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அத்தை, கழுதை பேசாது."

"ஏனாம்?"

"லாட்ஜ் நெஜமாவே போயிடுச்சு. பாதியில அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும்னு எனக்குத் தோணவே இல்ல. என் தப்புதான். அஞ்சு மாடியும் போச்சு. அந்த ஜன்னலோரத்து ஆளும் போயிட்டார். மன்னிச்சிடுங்க அத்தை."

சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை. புறங்கையால் துடைக்கத் துடைக்க வந்தது.

அத்தை அவளைக் கூர்ந்து பார்த்தார். குற்றவாளி தானே எழுந்து நிற்பதைப் பார்க்கிற பார்வை. பிறகு உதட்டோரம் லேசாகத் துடித்தது. மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கியது, கண்ணாடி நழுவியது, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அடேயப்பா! கண்ணீர் வேறயா! காலையில ஒண்ணும் தெரியாத மாதிரி கழுதை பேசலையான்னு கேட்டுட்டு, இப்ப... எத்தனை பசங்களைப் பார்த்திருக்கேன், ஒருத்தனும் இப்படி..." மூச்சு வாங்கியது. உள்ளே திரும்பிக் கத்தினார்: "டேய், இங்க வந்து பாரு! உன் பொண்டாட்டி எங்கிட்டயே எப்படி நடிக்கிறா பாரு! நான் தோத்துட்டேன்டா!"

"நெஜமா அத்தை. நான் விளையாடல," என்றாள் குசும்பு.

அவ்வளவுதான். அத்தைக்குச் சிரிப்பு இன்னும் பொங்கியது. மருமகளின் தலையைத் தன் மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவளை யாரும் அப்படி அணைத்துக்கொண்டதில்லை.

"சரி சரி, போதும். வயிறு வலிக்குது," என்றார் அத்தை, கண்ணைத் துடைத்தபடி. "இப்ப லாட்ஜைக் கொண்டா."

அடுத்த வரி குசும்பு பேச வேண்டியது. எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் சிரிப்பு நின்றுவிடுகிறது. இன்னொரு நாளைக்கு என்று தள்ளிப்போடச் சொன்னால் அவள் என்னை முறைக்கிறாள். மறுபடி உண்மையைச் சொல்லச் சொன்னால், மடியிலிருந்து தலையை எடுக்காமல், 'நீங்களே சொல்லுங்களேன்' என்கிறாள்.

அந்த வரியை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். இவ்வளவு தூரம் எழுந்து போகாமல் இருந்தவர் நீங்கள். அத்தை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். எனக்கு மனசு வரவில்லை.