கடைசி மீதி

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபதுக்கு லிங்கராஜபுரத்தில் மின்சாரம் நின்றது. லாயிட் இறந்து பத்து மணி நேரம் ஆகியிருந்தது.

கூடத்தில் ஐஸ் பாக்ஸின் மோட்டார் அடங்கியது. மகன் விக்கி அதன் ஒயரை இன்வெர்ட்டரில் செருகினான். இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் அறையிலிருந்து மகள் நோரா ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"ரெண்டையும் தாங்காதுடா."

"அப்போ கம்ப்யூட்டர ஆஃப் பண்ணு."

"இன்னும் நாப்பது நிமிஷம்தான்."

"அக்கா, அப்பா இதுக்குள்ள படுத்திருக்காரு. நீ கணக்குக்கு காவல் காக்குற."

"மூடிய தொறக்காம இருந்தா ஒரு மணி நேரம் சில்லுனுதான் இருக்கும். பாக்ஸ்காரரே சொன்னாரு."

லாயிட் முப்பத்தாறு வருடம் லேத் ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் பகா எண்களைத் தேடினார். இப்போது சோதனையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணுக்கு நான்கு கோடியே இருபது லட்சம் இலக்கங்கள். சோதனையை நான்கில் தொடங்க வேண்டும். வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி வர்க்கம். இப்படிப் பதினான்கு கோடி தடவை. கடைசி மீதி சுழியமானால் அது பகா எண். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது.

செய்த கணக்கை அவ்வப்போது சேமித்து வைக்கும் வசதி அந்த மென்பொருளில் இருந்தது. லாயிட் அதை நிறுத்தி வைத்திருந்தார். லேத்தில் இறுக்கி மாட்டிய இரும்பைப் பாதியில் கழற்றினால் சென்டர் விலகிவிடும் என்பார். இப்போது நிறுத்தினால் முப்பத்தொரு நாள் வேலை போகும்.

விக்கி அறை வாசலில் வந்து நின்றான்.

"ஆஸ்பத்திரியில கடைசியா என்ன கேட்டாரு தெரியும்ல? பசங்க சாப்பிட்டாங்களான்னு இல்ல. எத்தன பர்சன்ட்னு."

"தொண்ணூத்தெட்டுனு சொன்னேன். சிரிச்சாரு."

"ஜீரோ வந்தா என்ன பண்ணுவ? பேப்பர்காரங்களக் கூப்பிடுவியா?"

நோரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரக்கூடாதுனு ஜெபம் பண்ணிட்டிருக்கேன்."

"ஏன்?"

"வந்தா, பத்து மணி நேரத்துல மிஸ் பண்ணிட்டாருன்னு ஆகும்டா."

விக்கி அறைக்குள் வந்தான். கட்டிலில் உட்கார்ந்து அவனும் திரையைப் பார்த்தான்.

ஏழு மணிக்குக் கடைசி வரி வந்தது. மீதியின் கடைசிப் பகுதி, எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு குறிகளாக. நோரா அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்னக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"ஜீரோ இல்லடா."

விக்கி எழுந்து ஜன்னலைத் திறந்தான். நோரா கணினியை நிறுத்தினாள். முப்பத்தொரு நாளாக அதற்குள் சுற்றிய மின்விசிறியின் சத்தம் நின்றது.

"அந்த ஒயரக் குடு," என்றாள்.

ஐஸ் பாக்ஸின் மோட்டார் ஓடத் தொடங்கியது. இன்வெர்ட்டர் கத்தவில்லை.