கூரைக்குப் போட்ட தொட்டித் தையல்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் மணிக்கு, பேருந்துப் பணிமனையின் பின்சுவரை ஒட்டிய பட்டறைக்கு 1966-ஆம் ஆண்டு பிக்கப் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. அதன் கூரையில் பதினொரு ஓட்டைகள் இருந்தன.

எண்ணிப் பார்த்தவர், வண்டித் தகரத்தை ஒக்கிடும் பட்டறையின் டிங்கர். கணவர் வெளியூர் வேலையில் இருந்ததால், பட்டறையை அவரும் கணவரின் தம்பியும் நடத்தினார்கள். வண்டித் தகரம் அவர் பொறுப்பு, இரும்புத் தண்ணீர்த் தொட்டி கட்டுவது கொழுந்தன் பொறுப்பு. தெரு முழுக்க அவனைத் தொட்டி என்றே கூப்பிட்டது. அண்ணி மட்டும் தம்பி என்பார். கோபம் வந்தால் அவருக்கும் அவன் தொட்டிதான்.

வண்டிக்காரர் தேனீ வளர்ப்பவர். இருக்கை மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பிலிருந்து தண்ணீரை உதறியபடி இறங்கினார்.

"மூணு பட்டறையில கேட்டாச்சும்மா. கூரையையே அறுத்து எறிஞ்சிட்டு வேற வண்டிக் கூரையை வைங்கன்றாங்க."

"வச்சா?"

"பழைய வண்டின்னு குடுத்த பதிவு ரத்தாயிடும். வெள்ளிக்கிழமை ஆய்வு. அன்னைக்கு ஒழுகினாலும் அதே கதிதான். அப்புறம் பழைய இரும்புக் கடைக்குத்தான் தள்ளணும்."

டிங்கர் திருப்புளியால் கூரையோரத்தைச் சுரண்டினார். பெயின்ட்டும் பள்ளம் அடைத்த பட்டிப் பசையும் கனமான பொருக்காக உரிந்து விழுந்தன. அடியில் தகரம் சல்லடையாக இருந்தது. முன்பு யாரோ துருவை எடுக்காமல் மேலே பூசி மெழுகிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் ஓட்டைகளைச் சுற்றி ஒரு விரற்கடை தள்ளித் தட்டியபோது தகரம் கணீரென்றது.

"வெள்ளிக்கிழமை காலையில வந்து எடுத்துக்குங்க. இதே கூரைதான் இருக்கும்."

தேன்காரர் போனதும் தொட்டி வாய் திறந்தான். "வாக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடக் கூடாதா அண்ணி?"

"விட்டா அந்த மூச்சுக்குள்ள அவர் நாலாவது பட்டறைக்குப் போயிருப்பாரு."

அன்று முழுக்கக் கிரைண்டர் ஓடியது. உள்பக்க அட்டையைக் கழற்றி, துருவை வெள்ளித் தகரம் தெரியும்வரை அறுத்து எடுத்தார்கள். புதன்கிழமை ஒட்டுகள் வைத்தார்கள். மூலை மழுக்கிய துண்டுகள், கூரையின் அதே கனம். அண்ணியின் வேலை முறை பார்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கும். இங்கே ஒரு பொட்டு வெல்டிங், எதிர்ப்பக்கம் ஒரு சாண் தள்ளி இன்னொன்று. பிறகு புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு ஆறினால்தான் அடுத்தது. அன்று மாலைக்குள் பத்து ஒட்டுகள் முடிந்தன. முன்கண்ணாடிக்கு மேலே, கதவிலிருந்து கதவுவரை நீண்ட பட்டை மட்டும் பாக்கி.

வியாழன் காலை அதைப் பொட்டுகளால் பொருத்திவிட்டு, பிரைமர் வாங்கக் கிளம்பினார். "மிச்சத்தை நீ முடிச்சிடு தம்பி. ஒரு சொட்டு ஒழுகக் கூடாது."

பதினொரு மணிக்குத் திரும்பியபோது தொட்டி கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே வெல்டிங் தையல், இடைவெளியே இல்லை. பார்க்க அவ்வளவு அழகு.

"இனி கடலையே மேல ஊத்துங்க, ஒழுகாது."

அவர் கூரையில் கையை ஊன்றினார். 'படக்' என்று உள்ளே போனது. கையை எடுத்ததும் 'படக்' என்று வெளியே வந்தது.

"நீயும் அமுக்கிப் பாரு."

அமுக்கினான். முகம் சுண்டிப்போயிற்று. "தொட்டியில இப்படி வராதே அண்ணி."

"தொட்டித் தகரம் மூணு மில்லி கனம், தாங்கும். இது ஒரு மில்லிகூட இல்ல. ஒரே மூச்சுல சூடு குடுத்தா, தையல் ஆறும்போது சுருங்கிப் பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கும்."

ஆய்வாளர் கூரையைத் தட்டிப் பார்ப்பார் என்பது இருவருக்கும் தெரியும். தொட்டி கிரைண்டரை எடுத்தான். "அறுத்துடறேன். மறுபடி மொதல்லேர்ந்து வைக்கலாம்."

"அறுத்தா நாளைக்கு முடியாது. தையலை மேலாக மட்டும் ராவு. அப்புறம் உள்ள போய் உட்காரு."

தொட்டி கழுத்தை மடித்து வண்டிக்குள் உட்கார்ந்து, தையலுக்கு அடியில் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்தான். அண்ணி ஏணியில் நின்று தையல்மேல் மட்டும் சுத்தியலால் தட்டினார். பலமாக அல்ல, விடாமல். சுருங்கிய இரும்பைத் தட்டித் தட்டி நீட்ட வேண்டும்.

"காது போச்சு அண்ணி."

"போகட்டும். நான் சொல்றதை எப்பக் கேட்டே, இப்பப் புதுசா கேக்க."

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல என்ன இருக்கு? நீ தொட்டி கட்டினே, நான் கூரையாக்கினேன்." இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். "என் பேர்லயும் தப்பு இருக்கு. தொட்டிக்காரன்கிட்ட போய் ஒழுகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன் பாரு."

மூன்று மணிக்குக் கூரை பெரும்பாலும் அடங்கிவிட்டது. இரண்டு இடங்களில் மட்டும் உப்பல் மிஞ்சியது. உப்பியதைச் சுருக்க, அவர் கேஸ் தீயால் அதன் நடுவை நாணய அளவுக்குச் சிவக்க வைத்தார். சுற்றி நாலு தட்டு, உடனே ஈரத் துணி. புஸ்ஸென்று ஆவி கிளம்பி, முதல் உப்பல் அமர்ந்தது. இரண்டாவது அமரவில்லை. கையை வைத்தபோது மெல்லப் 'படக்'கென்றது.

"இன்னும் நல்லாச் சூடு வைங்க," என்றான் தொட்டி உள்ளிருந்து.

"அதிகம் வச்சா வேற பக்கம் இழுக்கும். ஆறட்டும்."

ஆறும்வரை ஏணியிலேயே நின்றார். இரண்டு விரல் தள்ளி, முன்னதைவிடச் சின்னதாக இன்னொரு புள்ளி வைத்தார். ஈரத் துணியை எடுத்துவிட்டு உள்ளங்கையை முழுதாக ஊன்றினார். சத்தம் வரவில்லை. கூரை ஓரத்திலிருந்து ஓரம்வரை கையால் ஒரு முறை தடவிவிட்டு, "பிரைமரைக் கலக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆய்வாளர் கூரையை நாலு இடங்களில் அமுக்கிப் பார்த்தார். இருக்கையில் செய்தித்தாளை விரித்து, குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்தார். தாள் நனையவில்லை. அசல் கூரை, பிரைமர் மட்டும் பூசியது, கசிவு இல்லை என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது.