பஞ்சுத் தூசி

ஆக்சிஜன் முகமூடியின் ரப்பர் பட்டை அவன் காதை அறுத்துக்கொண்டிருந்தது. நர்ஸிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டு வாங்கி, அதற்கடியில் சுருட்டி வைத்தாள் மெத்தைக்காரி. கணவன் சிரிக்கப் பார்த்தான். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

"இங்கயும்... பஞ்சா?"

இருபது வருடமாக இருவரும் மெத்தை தைக்கிறவர்கள். அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் பஞ்சுத் தூசிதான் என்று அவளே முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவன் கேட்டபோது, "தூசிக்கு எதுக்குய்யா டாக்டரு?" என்று ஜன்னலில் ஈரத்துணி கட்டினாள். மூன்று வாரம் போயிற்று. லட்சத்தில் ஒருவருக்கு வரும் ரத்தப் புற்றுநோய் என்று நேற்றுதான் சொன்னார்கள். பெருகிப்போன அணுக்கள் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிட்டனவாம்.

"தொண்டையில குழாய் போடப்போறோம்மா," என்றாள் இளம் டாக்டர். "அப்புறம் அவரால பேச முடியாது. ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க."

ஐந்து நிமிடம் கொடுத்தாள். முதல் நிமிடத்தைப் போர்வை இழுத்துவிடுவதிலேயே தொலைத்தாள் மெத்தைக்காரி.

"நான்தான் உன்னை..." என்று ஆரம்பித்தாள்.

"லாட்ஜ் ஆர்டரு... தலகாணி... நாப்பது." ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "மூலையில... நல்லா திணி. நீ... அங்கதான் கோட்டை விடுவே."

"அதை விடுய்யா. நீ சொன்னப்பவே கூட்டிட்டு வந்திருந்தா..."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கேட்க மறுக்கிறானா, களைத்துவிட்டானா என்று தெரியவில்லை. அவள் கைமீது அவன் விரல் ஒன்று மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, டாக்டர் வந்து அந்தக் கையை எடுத்து ஓரமாக வைக்கும்வரை.

மதியம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது.

டாக்டர் வராந்தாவுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏதாவது கேக்கணுமாம்மா?"

"மூணு வாரம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"இல்லம்மா. அப்பவும் இதேதான் ஆகியிருக்கும்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த வேகம் அவளுக்குப் பழக்கம். பழைய பஞ்சை அடித்துக் கலந்த மெத்தையைத் தடவிப் பார்த்து, எல்லாம் புதுசுதானே என்று யாராவது கேட்டால், அவள் வாயிலிருந்தும் "ஆமாங்க" அப்படித்தான் வரும்.

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா," என்றாள் மெத்தைக்காரி. கையை நீட்டி, மடங்கிக் கிடந்த அந்தப் பெண்ணின் கோட்டுக் காலரை நிமிர்த்திவிட்டாள்.